இரண்டு இடுப்பு

கம்பம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் திராட்சையைக் காசு கொடுத்து வாங்கினால், அவர்களிடம்தான் ஏதோ கோளாறு என்று அர்த்தம், சார். நாலு பேரோடு நன்றாகப் பழகினால் பழம் தானாக வீடு தேடி வரும். சீசனில் என் ஃபிரிட்ஜில் பால் வைக்க இடம் இருக்காது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

என் பெயர் ஜாய்ஸ். தேனி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வந்தவரைச் சிரித்த முகத்தோடு அனுப்ப வேண்டும் என்பதைச் சின்ன வயதிலேயே கல்லாப்பெட்டி ஓரம் உட்கார்ந்து படித்துவிட்டேன். அப்புறம் குரோமோசோம் பார்க்கிற லேபில் சேர்ந்தேன். சாயம் போடுவது என் வேலை. இந்த ஜில்லாவில் என்னை விட அழகாகச் சாயம் போட ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, டாக்டரையே கேட்டுப் பாருங்கள்.

வேலையைப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரத்தத்தைக் குழாயில் ஊற்றி இரண்டு நாள் வளர்ப்போம். வெள்ளை அணுக்கள் முதல் முறை பிரியும்போது நிறுத்தி, கண்ணாடியில் சொட்டி, ஜீம்சா என்கிற சாயத்தை ஊற்றுவோம். மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்கள் ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒடுங்கின மாதிரி ஓர் இடுப்புதான் இருக்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட உடம்பில் அவை முறிந்து, தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, சிலவற்றுக்கு இரண்டு இடுப்பு வந்துவிடும். அது எத்தனை இருக்கிறது என்பதை வைத்து உடம்பில் எவ்வளவு கதிர் இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

ஆரம்பத்தில் நானும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவள்தான். மலைப்பக்கம் தண்ணீர்க் குழாய் போடுகிற இடத்தில், வெல்டிங் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கதிர்வீச்சுப் பெட்டியை வைத்துப் படம் எடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதல்லவா. அங்கிருந்து வேல்பாண்டி என்று ஒருவன் வந்தான். இரண்டு இடுப்பு இருக்கிறது என்றேன். கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அவனுடைய அம்மா லேப் வாசலிலேயே நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஏத்தா, ஒன் வாயில ஒரு நல்ல வார்த்த வராதா? எம்புள்ள பொழப்பக் கெடுத்துட்டியே."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேல்பாண்டி இப்போது வீரபாண்டியில் டீக்கடை வைத்துக் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒரு டீ குடிக்கச் சொன்னதில்லை. உண்மை சொன்னதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

அடுத்து வந்தவன் மரிய ஜோசப். அதே கம்பெனி, அதே பெட்டி. கல்யாணமான புதுசு. கதிரை அளக்கச் சட்டையில் மாட்டுகிற பேட்ஜ் அளவு மீறிக் காட்டியதால் அனுப்பியிருந்தார்கள். மனைவி செலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, பாஸா பெயிலா? டாக்டரு என்னமும் சொன்னாகளா?"

ஸ்லைடை நான் அதற்குள் பார்த்திருந்தேன். வேல்பாண்டியை விட இவனுக்கு அதிகம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

"பாஸ்தேன். ரிப்போர்ட்டு பின்னால வரும். போயி நல்லாச் சாப்புடுங்க."

சொல்லிவிட்டால் போதுமா? டாக்டர் ஆதித்தன் ஸ்லைடைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். எப்போதும் துணைக்கு ஒரு குழாய் வளர்ப்போம். அதை ஒரு நாள் கூடுதலாக விட்டேன். அணுக்கள் இரண்டாம் முறை பிரிவதற்குள் அடிபட்டவை பாதிக்கு மேல் செத்துப் போகும். மிஞ்சுபவை லட்சணமாக இருக்கும். இதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு சாயமுறை உண்டு. அதைப் போட்டால் இரண்டு முறை பிரிந்த குரோமோசோமில் ஒரு பாதி கருத்தும் மறுபாதி வெளுத்தும் தெரியும். அதைப் போடாமல் ஜீம்சாவோடு நிறுத்திக்கொண்டேன்.

"சாயம் ரொம்ப நீட்டா போட்டிருக்கீகம்மா," என்று சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுவாரம் மரிய ஜோசப் ஒரு கூடை பழம் கொண்டுவந்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது. கம்பெனி அவனை டெஸ்டுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியது. ஒவ்வொரு முறையும் இரண்டு இடுப்பு உள்ளவை கூடிக்கொண்டே போயின. பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் பெட்டி என் டிபார்ட்மெண்ட் இல்லையே, சார். அவனோடு வேலை பார்த்த மகிழனும் வந்தான். அவனையும் சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். அவன் தேங்காய் கொண்டுவந்தான்.

ஈறில் ரத்தம் வருகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மரிய ஜோசப் சொன்னபோது, வெயிலில் அலைகிறாய், இளநீர் குடி என்றேன். கடைசி வரை வேலைக்குப் போனான். அடக்கத்தன்று செலின் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அக்கா, நீங்க ஒருத்தருதேன் அவுக மனசு நோகாமப் பேசுனீக."

அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்தச் சட்டம் நிற்கும், சொல்லுங்கள். மகிழன் போனது அதற்கு அடுத்த மாதம். அப்புறம்தான் உங்கள் ஸ்டேஷனில் கேஸ் ஆனது.

புதிதாக வந்த எப்சிபாதான் கெட்டிக்காரி. இரண்டாவது சாயத்துக்கான மருந்தை வளர்க்கும்போதே கலக்க வேண்டும் என்பது எங்கள் லேபின் வழக்கம். அந்தச் சாயத்தைப் போடப் போவதில்லை என்று தெரிந்தும், கைப்பழக்கத்தில் மருந்தை மட்டும் கலந்துவந்திருக்கிறேன். அந்த இரண்டு பேருடைய குழாயில் மீந்துபோன அணுக்களை எடுத்து அவள் சாயம் போட்டாள். பாதி கருப்பு, பாதி வெளுப்பு. நேற்று மாலை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள். நல்ல பெண்தான், சிரிக்க மட்டும் தெரியாது.

ஆமாம், நான்தான் செய்தேன். பெட்டி பழுது என்று தெரிந்தும் இரண்டு பேரை அதன் பக்கத்தில் திரும்பத் திரும்ப அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கவலை இல்லாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பயந்து பயந்து வாழ்வது ஒரு வாழ்க்கையா?

அப்புறம், சார். அந்தப் பெட்டியைப் பறிமுதல் செய்த அன்று, விவரம் தெரியாமல் ஜீப்பில் உங்கள் காலடியிலேயே வைத்துக்கொண்டு மலையிறங்கினீர்களாம். போன வாரம் எங்களிடம் ரத்தமும் கொடுத்தீர்கள். நான்தான் வளர்த்தேன், நேற்றுக் காலையில் நானே சாயம் போட்டுப் பார்த்தேன். எதற்கு இப்படி வேர்க்கிறது உங்களுக்கு? ஒன்றுமே இல்லை, சார். சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள்.