பெயிலில் வந்த பந்துவீச்சாளர்

பசறை பஸ் பதுளையை விட்டு நகர்ந்ததும் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நம்ம செல்வத்த கஞ்சாவோட பிடிச்சது நல்லதாப் போச்சுங்க!"

"என்ன பேச்சுங்க இது? கொழும்பு கிளப்புக்குப் பந்து போடுறவன்!"

"கோர்ட்டு பெயில் குடுத்துருச்சு. வழக்கு முடியாம வெளையாடக் கூடாதுன்னு கிளப்புதான் நிப்பாட்டிருச்சு."

"நம்ம தேயிலைத் தோட்டத்துலயும் அப்படித்தானே. பொலிஸ் விட்டாலும், விசாரணை முடியாம தொரை வேலை குடுக்க மாட்டாரு."

"இப்ப தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை பொலிஸ் டீமுக்கு எதிரா நம்ம தோட்டத்து டீமுக்குப் பந்து போடுவான். அவங்க தொலைஞ்சாங்க!"

"ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணுமே?"

"காலையிலயே போட்டுட்டு ஓடி வந்துருவான்."

"கையெழுத்து வாங்குற சார்ஜன்தான் அவங்க கேப்டன்."

முன்சீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"ஐயோ, அந்தாளு செல்வத்த ஸ்டேஷன்ல காக்க விட்டு, கையெழுத்துப் புத்தகத்தப் பூட்டி வச்சுட்டுல்ல மேட்சுக்கு வருவாரு!"