ஆறு பேர் வரமாட்டார்கள்

அறை பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் வந்துவிடுவதில்லை. இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவருக்குக் காய்ச்சல் வரும். இன்னொருவருக்குச் சொந்தக்காரர் வீட்டில் இடம் கிடைத்துவிடும். சிலர் மறந்தே போவார்கள். அவர்களில் பலர் ஒரு வார்த்தை சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுவார்கள். நானும் அந்த வகை என்பதால் எனக்கு அவர்களைப் புரியும்.

எங்கள் ஓட்டலில் நூற்றிருபது அறைகள். நாளைக்கு ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போவார்கள் என்று நான் எழுதிக் கொடுத்தால், நூற்றிருபத்தாறு பேருக்கு அறை விற்பார்கள். ஏழு பேர் வராவிட்டால் ஓர் அறை சும்மா கிடக்கும். ஐந்து பேர் மட்டும் வராவிட்டால், அறை இல்லாத ஒருவர் பெட்டியோடு வரவேற்பு மேசை முன்னால் நிற்பார். அவரைச் சமாதானப்படுத்தி வேறு லாட்ஜுக்கு அனுப்ப வேண்டும். முன்கூட்டியே சொல்லி ரத்து செய்கிறவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள், ஏனென்றால் அந்த அறையை உடனே அடுத்தவருக்கு விற்றுவிடுவார்கள். சொல்லாமல் வராதவர்கள் மட்டும்தான் என் கணக்கு. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. பின்னால் தேவைப்படும்.

நான் புள்ளியியல் படித்தவள். லாண்டரிக்கு அடுத்த சின்ன அறையில் என் மேசை. ஜன்னல் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வரவேற்பு மேலாளருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பெட்டியோடு நிற்கிறவரிடம் திட்டு வாங்குவது அவர்தானே. என்னை ஜோசியம் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன ஜோசியம், இன்னிக்குக் கட்டம் என்ன சொல்லுது? எத்தனை பேரு காணாம போவாங்க?"

"ஆறு சார்."

"ஆறுன்னு சொல்லிட்டு அஞ்சு பேருதான் காணாம போனா, மிச்சம் ஒருத்தரை உங்க மேசை மேல படுக்க வைக்கட்டுமா?"

பணியாளர்கள் சாப்பிடும் அறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். இடதுபக்கம் நான் சொன்ன எண், வலதுபக்கம் நடந்த எண். தினமும் காலையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். ஒருமுறை நான் ஐந்து என்று எழுதியபோது இரண்டு பேர்தான் வராமல் போனார்கள். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"இனி ஒரு தடவை தப்பினா இந்த வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கும். நீங்க யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு முன்னாடி மேசைல வந்து நில்லுங்க. நாலு பேரு உங்க மூஞ்சில திட்டினாத்தான் கணக்கு வரும்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. யோசித்தேன். எதிர்பார்த்த முடிவு வராதபோது, கணக்கைத் திருத்தலாம். அல்லது சோதனைச் சூழலைத் திருத்தலாம்.

மறுநாளிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு விருந்தினர்களுக்கு நானே போன் செய்தேன். போனில் எனக்குக் கூச்சம் இருக்காது. "கண்டிப்பா வர்றீங்களா?" என்று கேட்பேன். அரைமனதாக இருப்பவர்கள் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுவார்கள். எண் குறைந்தால் தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் பழுது என்பேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிடுவேன். ரத்து என்று எதையும் பதிவு செய்யமாட்டேன். பத்தொன்பது நாள் பலகையில் இரண்டு பக்கமும் ஒரே எண். மேலாளர் கிண்டலை நிறுத்தினார். ஒருநாள் எனக்கும் ஒரு டீ எடுத்து வைத்தார்.

இருபதாம் நாள் ஆறு என்று எழுதியிருந்தேன். மூன்றரை மணிக்குள் ஐந்து பேர் வரமாட்டார்கள் என்று உறுதியாகிவிட்டது. ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. பட்டியலை மறுபடி பார்த்தேன். ஒரு கம்பெனிக் கூட்டம், ஒரு கல்யாண வீட்டார், சில விற்பனைப் பிரதிநிதிகள். இவர்கள் சண்டை போடுவார்கள். நானூற்றேழாம் அறைக்கு ஓர் அப்பாவும் மகளும். பதிவுக் குறிப்பில் அவர் எழுதியிருந்தார்: "எதிர் ஆஸ்பத்திரியில் மகளுக்கு இதய ஆபரேஷன். காலை ஆறு மணிக்குச் சேர்க்க வேண்டும். நன்றி. மிக்க நன்றி." இரண்டு முறை நன்றி சொல்கிறவர் சத்தம் போடமாட்டார்.

போன் செய்தபோது அவர்கள் பஸ்ஸில் இருந்தார்கள். அறையில் தண்ணீர் இல்லை என்றேன்.

"பரவால்லம்மா. ஒரு நாற்காலி போதும், கீழயே உக்காந்துக்கறோம். நாலு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதிம்மா."

பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது: "அப்பா, ஜன்னல் இருக்கான்னு கேளுப்பா."

ஜன்னல் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. நான்காவது மாடி, தெருப்பக்கம்.

அதற்குமேல் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம் இருந்தது. நோயாளிகள் பலர் எங்களிடம் தங்குவதால், ஆஸ்பத்திரிக்காரர்கள் சில சமயம் எங்கள் மூலமாகத் தகவல் சொல்வார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் வெளியூர் போய்விட்டார், தேதி தள்ளிப்போகிறது, புதுத் தேதியை அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள், அதுவரை வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்றேன்.

கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தம் எது என்று கேட்டார். பிறகு, "நல்லவேளை சொன்னீங்கம்மா, பாதி வழில இறங்கிக்கறோம்" என்றார். நன்றி சொன்னார். இரண்டு முறை.

ஆஸ்பத்திரியிலும் வராதவர்களுக்குப் பதிலாகக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. அடுத்த நாள் காலை வேறு ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. நான் விசாரித்தேன், அவர் நலமாக இருக்கிறார். அந்த இடம் வீணாகவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவர்கள் புதுத் தேதிக்காகக் காத்திருந்தார்கள். நான்காம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ததும், நீங்கள்தான் வரவில்லை, இனி இரண்டு வாரம் கழித்துத்தான் என்றார்களாம். ஐந்தாம் நாள் அந்தப் பெண் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டாள், பிறகு எழுந்திருக்கவில்லை. ஒன்பது வயது.

பத்து நாள் கழித்து அவள் அப்பா ஓட்டலுக்கு வந்தார். மேலாளர் என் அறைக் கதவைத் தட்டி, "வெளிய வாங்க. அன்னிக்குப் போன் பண்ணது யாருன்னு ஒருத்தர் கேக்கறார்" என்றார். ஜோசியம் என்று கூப்பிடவில்லை.

வரவேற்பு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு வணக்கம் என்றேன்.

"இந்தக் குரல்தான்" என்றார். "சண்டைக்கு வரலம்மா. ஆஸ்பத்திரில யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்க? பேரை மட்டும் சொல்லுங்க."

அவர் சத்தம் போடவில்லை. போடமாட்டார் என்று நான் அன்றே கணித்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை, நானேதான் சொன்னேன் என்றேன். மேலாளர் போனை எடுத்தார். அவர்தான் உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன் ஐயா. எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். நானூற்றேழாம் அறையின் பதிவை நான் ரத்து செய்யவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த அறை கடைசிவரை அவர்கள் பெயரில்தான் இருந்தது, பதிவேட்டைப் பாருங்கள். அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். ஆறு பேர் வரமாட்டார்கள் என்று நான் முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தேன்.