இரண்டு பேருக்கு ஒரு குப்பி

ஃப்ரிட்ஜில் கீரையைப் பின்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அங்கேதான் குளிர் அதிகம். இலை உறைந்துபோய், வெளியே எடுத்ததும் துவண்டு கறுத்துவிடும். வீட்டில் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது. நான் பயன்படுத்தியதும் இந்த அறிவைத்தான். நீங்கள் நினைப்பதுபோலப் பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம்.

ஸ்கேன் பிரிவில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. மார்பகப் புற்றுநோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிய இரும்பு, நானோ துகள்கள் என்பார்கள், ஒரு திரவத்தில் மிதக்கும். கடுங்காப்பி நிறம். ரத்தத்தில் ஏற்றினால் அவை தேடிப்போய்ப் புற்றுக் கட்டியில் ஒட்டிக்கொள்ளும். காந்த ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்ரேயில் சதையோடு சதையாக ஒளிந்துகொள்ளும் சின்னக் கட்டிகூட இதில் மாட்டிக்கொள்ளும். நல்ல மருந்து. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அதைக் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிவிடும். உருகிய பின் குலுக்கிவிட்டால் பார்க்க வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனதும் ஈரல் அந்தத் திரளைப் பிடித்து விழுங்கிவிடும். கட்டிவரை எதுவும் போய்ச் சேராது. படம் சுத்தமாக வரும்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர் ஒரு டாக்டர். நாங்கள் அவரைப் படத்தம்மா என்போம். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், படத்தை மட்டும்தான் பார்ப்பார். முன்பெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

என் அக்கா செங்கல் சுமந்தவள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவள் தலைச்சுமையில்தான் நான் படித்தேன். அவள் உச்சந்தலையில் முடி வளராத ஒரு வட்டம் இருந்தது. என் சீருடையைத் துவைத்துக் காயப்போடும்போதெல்லாம், "இந்த வெள்ளைக்குத்தான்டி என் தலை வழுக்கையாச்சு" என்பாள். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதும் அவள் வாய் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் அழுதேன். "எனக்கு மார்ல கட்டி, உனக்கு மண்டையில கட்டி. முதல்ல எதைப் பார்க்கச் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

நானே அவளுக்கு மருந்து கலந்தேன். ஒழுங்காகத்தான் கலந்தேன். படமும் ஒழுங்காக வந்தது. படத்தம்மா ஒரு கையில் போனும் மறு கையில் மவுஸுமாக அதைப் பார்த்தார்.

"சுமை தூக்கற உடம்பு. சதை முறுக்கிக்கிட்டிருக்கும். ஒண்ணும் இல்ல."

"மேடம், ஒருதடவை கையால தொட்டுப் பாருங்களேன். எங்க அக்கா."

"தொட்டுப் பார்க்கறதுக்கு நாட்டு வைத்தியர்கிட்ட போயிருக்கலாமே. அடுத்த படம் போடும்மா."

அக்கா மறுபடி செங்கல் சுமக்கப் போனாள். கட்டி உடைந்து வழிய ஆரம்பித்த பிறகு நான் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். அக்குள் ஓரத்தில் கறுப்பு இருந்தது. விரல்நுனி அளவு. அவர் அந்த ஓரம்வரை படத்தை நகர்த்திப் பார்க்கவே இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லா நிழலையும் நோய்னு சொன்னா ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா கடைசியில் நீச்சத் தண்ணீருக்குக்கூட வாய் திறக்கவில்லை. அந்தப் புண்ணைக் கழுவியவள் நான். அந்த வாடையை உங்களுக்கு எழுத்தில் கொடுக்க முடியாது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எல்லாரும் துக்கம் கேட்டார்கள். படத்தம்மாவும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவரை அடிக்கவோ திட்டவோ எனக்குத் தோன்றவில்லை. அடி ஆறிவிடும். அக்கா பட்டதை அவர் பட வேண்டும், அதே வரிசையில். எப்படி என்றுதான் தெரியவில்லை. காத்திருந்தேன். சுமை தூக்கும் வீட்டில் பிறந்தவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஒரு நாள் அவர் மருந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு இடது பக்கம் ஏதோ தட்டுப்படுதும்மா. நாளைக்குக் காலையில எனக்குப் படம் எடுக்கணும். நீயே கலந்துடு. மத்தவங்கள நான் நம்ப மாட்டேன்."

"சரிங்க மேடம்" என்றேன். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் குப்பியை ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி நகர்த்தினேன். ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

இந்த மருந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குப்பி இரண்டு பேருக்குக் காணும். திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும் என்பதால் எப்போதும் இரண்டு பேரை ஒன்றாக வரச் சொல்வோம். மிச்சம் நிற்கும் துளிகளை மூடி, பரிசோதனைக்காக எடுத்து வைப்போம். அந்தத் துளிகளை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள்.

மறுநாள் இரண்டாவதாக இருந்தவர் ஒரு இஸ்திரிக்காரம்மா. கையில் ஊசி ஏற்றும்போது பேசிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நான் நாள் பூரா இரும்புப் பெட்டியோட மாரடிக்கிறவ. இப்ப உள்ளேயும் இரும்பா? அந்த மெஷின் காந்தமாமே. என்னைப் பிடிச்சுச் சுவத்துல ஒட்டிக்காதே?"

"ஒட்டிக்கிட்டா பிரிச்சு விடறோம்" என்றேன்.

"பிரிச்சு விடும்போது சுருக்கம் விழாம பாத்துக்க. என் தொழில் மானம் போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையான சிரிப்புதான். ஊசியை முழுதாக ஏற்றி முடித்தேன். வேறு குப்பி எடுத்திருக்கலாம் என்கிறீர்கள். ஒரே நாளில் எதற்கு இரண்டாவது குப்பி என்று கேள்வி வந்திருக்கும். இந்த வேலையில் இருந்தால்தான் உங்களுக்கு இது புரியும்.

இரண்டு படங்களும் சுத்தமாக வந்தன. இரண்டையும் படித்தவர் படத்தம்மாதான். தன் படத்தைப் பார்த்து அழுதுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதிரி நிம்மதியை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. அன்று இரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அவருக்குத் தன் உடம்பு விஷயத்தில் படம் போதவில்லை. கூடப் படித்த ஒரு சர்ஜனிடம் போய் ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்த்திருக்கிறார். கட்டி சின்னது, ஆரம்ப நிலை. வெட்டி எடுத்துவிட்டார்கள். லீவில் இருக்கிறார், தேறிவிட்டார் என்று வார்டில் இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தின்றேன். என்ன செய்வது?

அவர் லீவில் இருந்தபோதுதான் இஸ்திரிக்காரம்மா திரும்பி வந்தார். மகளைக் கூட்டிவந்திருந்தார். என்னை வராந்தாவில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முந்தானைக்குள் கையை வைத்தபடியே பேசினார்.

"தங்கச்சி, கட்டி அப்படியேதான் இருக்குது. கொஞ்சம் பெருத்த மாதிரிகூட இருக்கு. இன்னொருதடவை படம் எடுக்கச் சொல்றியா? இவ வேற பயந்து சாகறா."

அந்த மகள் என் வாயையே பார்த்தாள். என் மனம் அப்போது சரியாக இல்லை. படத்தம்மா பிழைத்துவிட்டார் என்ற எண்ணமே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் போய் ஒருவர் உதவி கேட்டால் என்ன செய்ய முடியும்?

"படத்துல ஒண்ணும் இல்லக்கா. வீணா அலையாதீங்க. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகளைப் பார்த்து, "சொன்னேன்ல?" என்றார். என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். உள்ளங்கை தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போயிருந்தது.

அவர் செத்துப்போனதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கும் வருத்தம்தான். ஆனால் நடந்ததைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் படத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டது படத்தம்மா. தன் படம் பொய் என்று தெரிந்த பிறகும், அன்று கூட எடுத்த இன்னொரு பெண்ணை நினைத்துப் பார்க்காதது படத்தம்மா. அந்த மனுஷி ஒழுங்காக நோயில் விழுந்திருந்தால் எனக்கு அத்தனை கோபம் இருந்திருக்காது. வராந்தாவில் வந்து நின்றவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். என் அக்காவையும் இஸ்திரிக்காரம்மாவையும் கொன்றது அவர்தான்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. அதுவும் பலிக்கவில்லை.