கழிச்சுப் போடாத பாட்டில்

இல்லம்மா, இந்த வார்டு வாசல் பெஞ்சுல நீங்க உக்காருங்க. எனக்கு உக்காந்தா கால் பரபரங்குது, நடந்துக்கிட்டே பேசறேன். வீட்டுக்காரர் பேசறாரா? எழுதித்தான் காட்றாரா... சரி சரி. தொண்டையில குத்தின கண்ணாடிச் சில்லை முழுசா எடுத்துட்டாங்கல்ல, குரல் மெல்ல வரும்.

ஆமா, அவர் குடிச்ச அதே பீர் கம்பெனியில வேலை பாக்கறவதான் நான். ஐயோ, எந்திரிக்காதீங்க. அவங்க அனுப்பல, நானாத்தான் வந்தேன்.

என் வேலை என்னன்னா, கடையிலேர்ந்து திரும்பி வர்ற காலி பாட்டிலைக் கழுவி, வெள்ளை விளக்குக்கு முன்னால ஓடவிடுவாங்க. எதிர்ல உக்காந்து பாக்கணும். விரிசல், வாய் உடைசல், உள்ள செத்த கரப்பான். எது கண்ணுல பட்டாலும் எடுத்துக் கழிச்சுப் போட்டுடணும். இருபத்திரண்டு வருசம். வீட்டுல தண்ணி டம்ளரைக்கூடத் தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பேன்னு மருமக கிண்டல் பண்ணுவா.

இப்ப பாட்டில் யாருக்கும்மா வேணும்? எல்லாம் டின்னு. பளபளன்னு படம் போட்டு, ஆறு ஆறா அட்டையில அடைச்சுக் கடையில அடுக்கிடறாங்க. அது உடையாது, திரும்பி வராது, கழுவவும் வேணாம். அப்ப நாங்க எதுக்கு? நாலு வரிசை ஓடின எடத்துல இப்ப ஒண்ணே ஒண்ணு, பதினோரு பொம்பளைங்க. மேனேஜர் வந்தார். நூறு பாட்டிலுக்கு மூணுக்கு மேல கழிச்சீங்கன்னா இதையும் மூடிட்டு டின்னுக்கே போயிடறேன்னுட்டார். அன்னிலேர்ந்து சின்ன உடைசலுக்கு யார் கையும் நீளல. நாங்க கூடிப் பேசி வெச்சுக்கிட்டதில்ல. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம இருந்தோம், அவ்வளவுதான்.

என்ன பேப்பர் அது? காட்டுங்க. கம்பெனி ஆளு குடுத்தாரா? மூடியைத் தொறக்கறப்ப இவரே மேசையில இடிச்சு உடைச்சுட்டார்னுல்ல எழுதியிருக்கான். ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கறாங்களாமா? நீங்க இன்னும் கையெழுத்துப் போடலியே? போடாதீங்கம்மா, அது பொய்.

எனக்கெப்படித் தெரியும்னா, நீங்க குடுத்தனுப்பின பாட்டிலை நேத்து எங்ககிட்டக் காட்டினாங்க. அந்த உடைஞ்ச வாயைப் பாத்ததுமே, நான் விட்ட பாட்டில்தான்னு தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு வரிசையில வந்தப்பவே உள்வாயில நகக்கண் அளவுக்கு விரிசல் விட்டு, சில்லு உதிராம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கையில எடுத்துட்டேன். அன்னிக்கு ஏற்கெனவே நெறைய கழிச்சாச்சு. திரும்ப வரிசையிலயே வெச்சுட்டேன்.

இதை வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்றீங்களா, இல்ல நானே உள்ள வந்து சொல்லட்டுமா?