இந்த கார்டு எடுப்பீங்களா?

எனக்கு இல்லைங்க, என் வீட்டுக்காரருக்கு. இப்ப உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, நீலச் சட்டை, அவருதான். காதுல ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடி ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணுமாம். மனுஷன் மரியாதைக்குன்னு எல்லாத்துக்கும் அமுக்கிருவாரோன்னு பயமா இருக்கு.

உங்களுக்கும் கவர்மெண்ட் இன்சூரன்ஸ் கார்டுதானா? அப்ப நான் சொல்லணுமா என்ன. இந்த கார்டு எடுப்பீங்களா, எடுப்பீங்களான்னு கேட்டே நாக்கு தேஞ்சு போச்சு. ஒரு இடத்துல வாசல்லயே கார்டு படத்தைப் பெருசா ஒட்டி வச்சிருக்கான். நம்பி உள்ள போனா, அது கண்ணுக்கு மட்டும்தாம்மா, காதுக்கு இல்லைங்கறான். ஏங்க, ரெண்டும் ஒரே மூஞ்சியிலதானே இருக்கு? இன்னொரு இடத்துல டெஸ்ட் கார்டுல பண்ணுவோம், காதுல வைக்கற மிஷினுக்கு கார்டு செல்லாதுன்னாங்க. காது கேக்கலன்னு தெரிஞ்சுக்கவா அவ்வளவு தூரம் போனோம்? அது எங்க தெருவுக்கே தெரியுமே. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டா காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட் ஒருத்தர் பேரைச் சொன்னாங்க. தேடிப் போனா அங்க செருப்புக்கடை இருக்கு.

கடைசில மருந்துக்கடைப் பொண்ணுதான் சொல்லுச்சு. ஏன்க்கா இப்படி அலையறீங்க, பேக்கரி மாடில ஒரு மேடம் இருக்காங்க, உங்க கார்டு எடுப்பாங்கன்னு. எங்க வீட்டுக்குப் பின்தெருங்க இது! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான். மிஷினும் கார்டுலயே வந்துரும்னு இப்பதான் அந்த டேபிள்ல இருக்கற பொண்ணு சொல்லுச்சு. அதான் நிம்மதியா வந்து உக்காந்துட்டேன்.

அவருக்குத் தகரப் பட்டறையிலங்க. நாளெல்லாம் பீப்பாயைத் தட்டி நிமித்தற வேலை. காதுல பஞ்சு வச்சுக்குவாரு, அவ்வளவுதான். இப்ப பால் பொங்கிருச்சுன்னு சொன்னா, ஆள் வந்துருச்சான்னு போய்க் கதவைத் திறக்கறாரு. சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சிருக்கேன்.

ஆமா, இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன அவசரம்னு அவரும்தான் கேட்டாரு. நீதான் எனக்கும் சேத்துக் கேக்கறியே, அப்புறம் எனக்கு எதுக்கு மிஷினுன்னாரு.

கத்தினா கேக்கும்ங்க. ஆனா எங்க வீட்டுச் சுவரு வெறும் பலகை. நான் இவரைக் கூப்பிட்டா பக்கத்து வீட்டம்மா என்னான்னு கேக்கும். எழுதிக் காட்டலாம்தான். உக்காந்து எழுதியும் பாத்தேன். என்னமோ மளிகைச் சாமான் எழுதின மாதிரி இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

பெருசா ஒண்ணுமில்லைங்க. எனக்கு மார்புல ஒரு கட்டி. கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க, அதேதான்னு வந்துருச்சு. ஒரு பக்கத்தையே எடுத்துரணுமாம். கட்டிக்குடுத்த பொண்ணுக்குக்கூட இன்னும் சொல்லல. முதல்ல அவருக்குச் சொல்லணும். பக்கத்துல உக்காந்து, கையைப் புடிச்சுக்கிட்டு, மெதுவா. இதைப் போய் எப்படிங்க கத்திச் சொல்றது?

ஐயோ, கதவு திறக்குது, வராரு. கண்ணைத் துடைங்க. காது போனதுலேருந்து அவரு எல்லாரு மூஞ்சியையும்தான் படிக்கறாரு.