இன்னும் மீன் விடாத தொட்டி

— மஞ்சள்தான் அத்தை. நல்லாப் பாருங்க. பச்சை துளிகூட இல்ல.

— கண்ணாடியைப் பையில வச்சுட்டேன் மாப்பிள்ளை. மஞ்சள்னா நல்லதா?

— நல்லதாவா? இதுக்குத்தானே தவம் கெடந்தேன். அதாவது, இந்தச் சொட்டு மருந்தை விட்டா, தண்ணில விஷம் இருந்தா பச்சையாகும். போன வாரம்கூடக் கரும்பச்சை. இன்னைக்குப் பாருங்க, எலுமிச்சம்பழம் மாதிரி. தொட்டி தயார்னு அர்த்தம். இனிமே மீன் விடலாம்.

— ஓஹோ.

— நாளைக்கே கடைக்குப் போய் ஒரு ஜோடி எடுத்துட்டு வந்துடறேன். ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். ஆபீஸ்ல கொஞ்ச கேலியா பண்ணாங்க? வெறும் தண்ணிக்கு விளக்குப் போட்டு, மோட்டார் போட்டு, காவல் காக்கறேனாம். 'தண்ணிச் சாமி'ன்னு பேரே வச்சுட்டாங்க. வந்து பார்க்கட்டும் இனிமே.

— தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. மீன் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.

— சொல்லுங்க.

— காலையில நீங்க ஆபீஸ் போனதும் தொட்டியைக் கழுவிட்டேன்.

— வெளிக் கண்ணாடியையா?

— உள்ளேயும்தான்.

— உள்ளேன்னா?

— தண்ணியை வாளி வாளியா மொண்டு கொட்டிட்டு, மணலை அலசி, அந்தப் பொத்தல் கல்லையெல்லாம் கொதிக்கிற தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊற வச்சுத் தேய்ச்சேன். பொத்தலுக்குள்ளே எல்லாம் என்னமோ வழுவழுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு விடல. பல் தேய்க்கிற பிரஷை விட்டு நோண்டி எடுத்துட்டேன்.

— அந்த வழுவழுதான் அத்தை...

— இறால் கட்டித் தொங்கவிட்டிருந்தீங்களே, அந்த சாக்ஸையும் குப்பையில போட்டாச்சு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல காலத்தை ஓட்டினவ நான். நாத்தம்னு தெரிஞ்சா கை சும்மா இருக்காது.

— அப்போ இந்தத் தண்ணி?

— குழாய்த் தண்ணி. பயப்படாதீங்க, உப்புப் போட்டுட்டேன். பழைய தண்ணியை ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்துக்கிட்டு, அதே கரிப்பு வர்ற வரைக்கும் போட்டேன். எனக்கு உப்புக் கணக்குத் தப்பினதே கிடையாது.

— இறால் அழுகின தண்ணியை வாயில வச்சுப் பார்த்தீங்களா?

— துப்பிட்டேன்.

— கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— கோவமா?

— கோவமெல்லாம் இல்ல. இப்போ கோவப்பட்டு என்ன ஆகப் போகுது.

— வாய் இல்லங்குது, மூஞ்சி ஆமாங்குது. எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க, என்னத்தைக் கெடுத்துட்டேன்னு.

— அதாவது, புதுத் தண்ணில கடல் மீனை விட்டா செத்துப் போயிடும். அது கழியறதே அதுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்னு தீர்க்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வேணும். நல்ல கிருமி. அது சும்மா வராது. இறாலைப் போட்டு அழுக விடணும். அழுக அழுக விஷம் ஊறும், விஷத்தைத் தின்னக் கிருமி பெருகும், கல்லுல குடியேறும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும். எனக்கு அநேகமா இந்த வாரத்தோட முடிஞ்சிருக்கும்.

— பாலுக்கு உறை ஊத்திட்டு ஆடாம அசையாம வைக்கிற மாதிரி.

— அதேதான்.

— தயிர் தோயற நேரத்துல பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டேன்.

— மஞ்சளா வந்தது அதனாலதான். புதுத் தண்ணில விஷமும் கிடையாது, கிருமியும் கிடையாது. நான் பைத்தியக்காரன் மாதிரி மீன் வாங்கக் கிளம்பறேன்.

— இன்னொரு இறால் வாங்கிட்டு வரட்டுமா?

— நீங்க இப்போ எங்கே போய் வாங்குவீங்க. விடுங்க. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம்.

— நல்லது பண்றதா நினைச்சுத்தான் மாப்பிள்ளை பண்ணேன். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல நாத்தம் இல்லாம பண்ணிட்டுப் போலாம்னு.

— கிளம்பறதா? எங்கே கிளம்பறீங்க?

— என் பொண்ணு சொல்லலையா உங்ககிட்ட? இன்னும் கொஞ்ச நேரத்துல என் பையன் வண்டி எடுத்துட்டு வந்துடுவான். இனிமே அவன்கூட இருக்கலாம்னு நான்தான் கேட்டேன்.

— வாசல்கிட்ட ரெண்டு பை பார்த்தேன். சலவைக்குப் போடறதுக்குன்னு நினைச்சேன்.

— சின்னது என்னோடது. பெரிய பையில பழைய துணியாம், தம்பி பிள்ளைங்களுக்குக் குடுத்தனுப்பறா. ஜிப்பைக்கூடப் போடல, பிதுங்கிக்கிட்டு நிக்குது. நான் போடப் போனா, 'தொடாதம்மா, அப்படியே இருக்கட்டும்'ங்கறா.

— மச்சான் வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. உங்க முட்டியை வச்சுக்கிட்டு எப்படி?

— மெதுவா ஏறிக்குவேன். ஏறிட்டா எறங்கவா போறேன்.

— ஹால்லதான் படுக்கணும் அங்கே.

— பசங்க டிவியை அணைச்சதும் படுத்துக்கலாம். பழகிடும்.

— ஏன் அத்தை? இங்கே என்ன குறை உங்களுக்கு?

— குறையா? உங்களைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். அவர் போனப்புறம் கேள்வியே கேக்காம கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டவர் நீங்க.

— உங்க பொண்ணு என்ன சொன்னா?

— அதுதான் மாப்பிள்ளை மனசுல தைக்குது. 'தம்பி வீட்டுக்குப் போறேன்டி'ன்னேன். 'சரிம்மா'ன்னா. ஒரு வார்த்தை 'இரும்மா'ன்னு சொல்லுவான்னு பார்த்தேன். சரி, அவளுக்கும் என்ன கஷ்டமோ.

— நாத்தம் இல்லாம பண்ணிட்டுப் போலாம்னு சொன்னீங்களே.

— ஆமா.

— அப்போ நாத்தம் தொட்டியிலேர்ந்துதான் வருதுன்னு உங்களுக்குத் தெரியும்.

— மூக்கு இருக்கே.

— எப்போலேர்ந்து தெரியும்?

— தண்ணி கொண்டாரட்டுமா? உங்க மூஞ்சி ஒரு மாதிரியா ஆகுது.

— எப்போலேர்ந்து அத்தை?

— நீங்க இறாலைப் போட்ட மறுநாளே.

— அப்போ எங்க மேனேஜர் சம்சாரத்தோட வந்திருந்தப்போ...

— அதை விடுங்க.

— நீங்க அறையில தூங்கிட்டு இருக்கீங்கன்னுதான் நினைச்சேன்.

— டீ போட்டுக்கிட்டு இருந்தேன். இவ பால் வாங்கப் போயிருந்தா. வந்தவங்களைச் சும்மா உக்கார வைக்க வேண்டாமேன்னு, இருந்த பாலை வச்சுப் போட்டுத் தட்டோட கதவு வரைக்கும் வந்துட்டேன்.

— எதுவரைக்கும் கேட்டீங்க?

— அந்தம்மா கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு, 'என்னமோ வாடை வருதே'ன்னாங்க. நீங்க, 'அதாவது சார்'னு ஆரம்பிச்சீங்க. நீங்க அதாவதுன்னு ஆரம்பிச்சா பின்னாடி நீளமா ஒண்ணு வரும்னு எனக்குத் தெரியும்.

— வந்திருக்கக் கூடாதா அத்தை? தட்டோட வந்து முன்னாடி நின்னிருக்கக் கூடாதா?

— குளிச்சு, தலை வாரி, வெளுத்த துணி கட்டிக்கிட்டு நான் வந்து நின்னா, நீங்க சொன்னதை யார் நம்புவா?

— ஐயோ.

— அந்தம்மா அறைக்குள்ளே வேற எட்டிப் பார்க்க வந்துட்டாங்க. நல்லவேளை, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டேன். 'ரொம்ப சிரமமா இருக்காம்மா'ன்னு கேட்டாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'ஆமாம்மா, வயசாயிடுச்சுல்ல'ன்னேன்.

— போதும் அத்தை. நான் சொன்னதை நானே சொல்லிடறேன். 'மாமியார் எங்ககூட இருக்காங்க சார், அவங்களால அடக்க முடியறதில்ல, பெரியவங்க, நாமதான் பொறுத்துக்கணும்'னேன். உங்களுக்கு அப்படி ஒரு சீக்கே கிடையாது. வாய் கூசாம சொன்னேன். மேனேஜர் என் தோளைத் தட்டி, 'பெரிய மனசுப்பா உனக்கு'ன்னார். அதையும் வாங்கி வச்சுக்கிட்டேன். மறுநாள் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார், மாமியாரை வச்சுக் காப்பாத்தறான்னு. அதுக்கப்புறம் ஒருத்தரும் தண்ணிச் சாமின்னு கூப்பிடல. அதுவும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

— ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. இறால்னு சொன்னா என்ன ஆகியிருக்கும்?

— சிரிச்சிருப்பாங்க. மீன் பார்க்க வாங்கன்னு நானே பீத்திக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ளே விட்டுடலாம்னு நினைச்சேன், முடியல. காசு குடுத்து இறால் வாங்கி, வேணும்னே நடுவீட்டுல அழுக விடறேன்னு எப்படிச் சொல்றது? அந்தச் சிரிப்புக்குப் பயந்துட்டேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— நான் வேற என்னென்னமோ நினைச்சுட்டேன். என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு.

— பிடிக்காம சொல்லியிருந்தாக்கூட ஒரு நியாயம் இருக்கும். பிடிச்சுக்கிட்டே சொன்னேன் பாருங்க.

— அன்னைக்குப் படுக்கும்போது என் துணியை நானே மோந்து பார்த்துக்கிட்டேன் மாப்பிள்ளை. இறால்னு தெரியும். தெரிஞ்சும் மோந்தேன். எத்தனை பேர் துணியை வெளுத்திருப்பேன். என் துணியை நான் மோந்து பார்த்ததே இல்ல அதுவரைக்கும்.

— என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம் நீங்க.

— அடிச்சா? அழாதீங்க. அழுதா இவ கண்டுபிடிச்சுடுவா.

— ஏன் அவகிட்ட சொல்லல?

— என்னன்னு சொல்ல? என் பொண்ணு உங்களைப் பத்தி ஒண்ணு நினைச்சு வச்சிருக்கா. நான் நாறினா இன்னொரு வீடு பார்த்துப் போயிடலாம். நீங்க நாறினா அவ எங்கே போவா?

— நான் சொல்லிடறேன். அவ வந்ததும் முதல் வேலை அதுதான்.

— வேண்டாம். நான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். ஷூ சத்தம் கேக்குது. அவதான். மூஞ்சியைத் துடைங்க.

— என்னம்மா, விளக்குக்கூடப் போடாம ரெண்டு பேரும் தொட்டி முன்னாடி உக்காந்திருக்கீங்க?

— வாடி பாப்பா. தம்பி வந்துட்டானா?

— கீழே வண்டியைத் திருப்பிக்கிட்டு இருக்கான். என்ன இது, தண்ணி பளபளன்னு இருக்கு?

— நான்தான் கழுவித் தொலைச்சுட்டேன். கழுவக் கூடாதாமே. மாப்பிள்ளைக்கு அதுல கொஞ்சம் வருத்தம். வேற ஒண்ணுமில்ல.

— அதுக்கா இவர் கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?

— அதாவது...

— சொல்லுங்க.

— எவ்வளவு நாள் பாடுபட்டார்டி. வருத்தம் இருக்காதா?

— நீ சும்மா இரும்மா. அவர் சொல்லட்டும்.

— அத்தை எங்கேயும் போகக் கூடாது.

— அது அவங்க இஷ்டம். வேற?

— மாப்பிள்ளை, வேண்டாம்.

— மேனேஜர் வீட்டம்மா வாடை அடிக்குதுன்னு சொன்னப்போ, இறால்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்கம்மா மேல பழியைப் போட்டுட்டேன். அவங்களால அடக்க முடியறதில்லன்னு சொன்னேன். கதவுக்குப் பின்னாடி நின்னு அவங்க கேட்டிருக்காங்க. அதனாலதான் கிளம்பறாங்க. அசிங்கம் பண்ணவன் நான். நாளைக்கு மேனேஜர் வீட்டுக்கே போய், ரெண்டு பேர் முன்னாடியும் இதைச் சொல்லிட்டு வர்றேன்.

— கோவப்படாதே பாப்பா. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு.

— வாய் தவறல அத்தை. தெரிஞ்சுதான் சொன்னேன்.

— எனக்கும் தெரியும்மா.

— உனக்கு எப்படிடி தெரியும்? நீதான் பால் வாங்கப் போயிருந்தியே.

— மறுநாளே அந்தம்மா போன் பண்ணாங்க. உன் சீக்குக்கு நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காராம், நம்பர் குடுத்தாங்க. இவ்வளவு பொறுமையான புருஷன் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணுமாம். இறாலை சாக்ஸ்ல போட்டு முடிச்சுப் போட்டுக் குடுத்ததே நான்தான். நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?

— கேட்டிருந்தா அதாவதுன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். தினம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் நேரா தொட்டிகிட்டப் போய்க் கலர் பார்ப்பீங்க. நான் உங்க மூஞ்சியைப் பார்ப்பேன். அம்மா மூஞ்சியைப் பார்க்க எனக்கே கூசுச்சு.

— அதனாலதான் என்னை ஒரு வார்த்தை 'இரு'ன்னு சொல்லலையா?

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்னை இருக்கச் சொல்றது?

— சரி சரி, ஹாரன் அடிக்கறான் பாரு. நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க. அந்தப் பழைய துணிப் பையை நானே எடுத்துட்டுப் போய்க்கறேன்.

— அது பழைய துணி இல்லம்மா, என்னோடது. உன்கூட நானும் வர்றதாத்தான் இருந்தேன். கடைசி நிமிஷத்துலயாவது இவர் வாயைத் திறப்பாரோன்னுதான் ஜிப்பை இன்னும் போடல.