மொட்டை பிளக்

மூன்று முனை பிளக்கில் மேலே இருக்கும் முனை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளம். அதை யாரும் கவனிப்பதில்லை, மேடம். நீளமாக இருப்பதால் சுவருக்குள் அதுதான் முதலில் போகும், கடைசியில்தான் வெளியே வரும். எர்த் முனை. மின்சாரம் வழி தவறி ஒரு கருவியின் உடம்புக்கு வந்துவிட்டால், அதைக் கையைப் பிடித்து மண்ணுக்குக் கூட்டிப் போவது அதன் வேலை. மற்றபடி இருக்கும் இடம் தெரியாது. கடைக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்கும்.

நீங்கள் மின் ஆய்வாளர், இதெல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

பள்ளியில் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. பெஞ்சின் மேல் நிற்க வைத்தார்கள். அப்போதும் வரவில்லை. படிப்பு நின்றது. அக்கா தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வீட்டின் முன்பக்கம்தான் அத்தானின் ரிப்பேர் கடை. தெருவைப் பார்த்தபடி கவுண்டர், அதற்குப் பின்னால் ஒரு மறைப்புப் பலகை, பலகைக்குப் பின்னால் வேலை மேசை. மேசை விளிம்பில் இரும்புப் பட்டை அடித்து, அதற்கும் எர்த் கொடுத்திருந்தார். கெட்டுப்போன போர்டுகள் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. எனக்கு அந்த மேசை போதும் என்று இருந்தது.

மேசை மேல் ஸ்கோப் இருந்தது. மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் கருவி. தகர உடம்பு, மேலே தகரக் கைப்பிடி. முதல் நாள் அதன் ஊசி முனையில் என் விரலை வைக்கச் சொன்னார். திரையில் நேராகப் படுத்திருந்த கோடு அலையாக எழுந்தது.

"பாத்தியா, நீ பேசலேன்னாலும் உன் விரல் பேசுது" என்றார்.

அவர் விரல் வைத்தால் அலை இன்னும் உயரமாக வரும். உச்சியில் சின்னதாக ஒரு நெளிவு இருக்கும். நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு மின்சாரம் நேராக ஓடும் போர்டில் ஸ்கோப்பை வைக்க வேண்டுமென்றால், அது ஸ்கோப்பின் எர்த் வழியே மண்ணுக்குப் பாய்ந்து வெடிக்காமலிருக்க, போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் அதன் பெயர் கழுதை. நாள் முழுக்க முனகும், தள்ளினால் நகராது, ஒரு நேரத்தில் ஒரு போர்டைத்தான் சுமக்கும். கழுதைக்கு வேலை இருக்கிற நாளில் அவசரக்காரர்கள் செய்வது வேறு. எர்த் முனையை வெட்டியெறிந்த ஒரு பிளக்கை ஸ்கோப்புக்குப் போடுவார்கள். அதற்குப் பெயர் மொட்டை. மொட்டை போட்டால் ஒன்றும் வெடிக்காது, அலையும் அழகாக வரும். ஆனால் ஸ்கோப்பின் கறுப்புக் கிளிப் எதைக் கடித்திருக்கிறதோ, அந்த மின்சாரம் தகர உடம்பு முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும். சத்தமே இல்லாமல்.

அதனால் கடையில் ஒரு வழக்கம். மொட்டை போடுகிறவர் "மொட்டை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் "கை எடுத்தாச்சு" என்று பதில் தர வேண்டும். எனக்கு உரக்க வராது என்பதால் அத்தான் ஒரு சலுகை கொடுத்தார். நான் மொட்டை போட்டால், கைப்பிடியில் என் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட வேண்டும்.

"மொட்டைக்கு ரிப்பன் கட்டுற கடை உலகத்துலயே நம்ம கடைதான்" என்று அக்கா சிரிப்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "நாளையிலேர்ந்து இவ கவுண்டர்ல உக்காரட்டும்."

"யாரு, இந்த ஊமைக்கோட்டானா? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு மூடி வச்சிருக்கா" என்றாள் அக்கா.

"உதிரட்டுமே, பொறுக்கிக்கலாம். நமக்கப்புறம் இவ பொழைக்க வேணாமா? பேசிப் பழகணும். மேசைக்கு வேற ஆள் சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிப்பனும் கிடையாதும்மா. இனிமே எதுன்னாலும் வாயாலதான்."

மேசைக்குப் போய் ரிப்பனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கையாலேயே. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயர் கொடுத்திருந்தவர் வந்து, தயாரா என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "என்னங்க, இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்றார்.

"காதெல்லாம் சுத்தமா கேக்கும் சார். வாய்தான் ரிப்பேர். பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் அத்தான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

மறுநாள் காலை, புது ஆளுக்காக மேசையை ஒழித்து வைக்கச் சொன்னார். அன்று கழுதைக்கு வேலை இருந்தது, அதனால்தான் மொட்டை போட வேண்டி வந்தது என்று அக்கா உங்களிடம் சொன்னாள். அவள் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தது அதைத்தான். கழுதையில் ஒரு டிவி மாட்டியிருந்தது உண்மை. அந்த டிவியில் பழுது எதுவும் இல்லை. நான்தான் மாட்டினேன். பிறகு ஒரு வாஷிங் மெஷின் போர்டுக்குச் சுவரிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தேன். ஸ்கோப்பின் நல்ல ஒயரைக் கழற்றிவிட்டு மொட்டையைப் போட்டேன். கறுப்புக் கிளிப்பைப் போர்டில் கடிக்கவிட்டேன். அந்தப் போர்டிலும் பழுது இல்லை. எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் செய்தேன், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். அத்தான் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

பிறகு கூப்பிட்டேன். "அத்தான், இங்க வந்து பாருங்களேன்."

பலகையைத் தாண்டிக் கேட்கும்படிதான் கூப்பிட்டேன். அந்த வீட்டில் நான் குரல் எழுப்பியது அதுதான் முதல் தடவை. அவர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாய் வேலை செய்யுதே! உங்க அக்கா வரட்டும், சொல்றேன்."

திரையைத் தன் பக்கம் திருப்ப அவர் கைப்பிடியைத்தான் பிடிப்பார். அப்போது இன்னொரு கை மேசை விளிம்பின் இரும்புப் பட்டையில் ஊன்றியிருக்கும். அது அவர் பழக்கம்.

இப்போது அக்கா கவுண்டரில் உட்காருகிறாள். மேசை என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்களை வரச் சொன்னது வேறு ஒன்றைக் கேட்க. ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தீர்களே, அதை நல்ல ஒயரில்தான் போடுகிறேன். யாரும் தொடாமலே அலை வருகிறது. சும்மா கிடக்கும் முனை சுற்றியுள்ள ஒயர்களின் முனகலைப் பிடிக்கும், அது எனக்குத் தெரியும். அதனால் முனையையும் கறுப்புக் கிளிப்பையும் சேர்த்துக் கடிக்கவிட்டேன். கோடு நேராகப் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. உயரமான அலை, உச்சியில் சின்ன நெளிவு. நான் எழுந்து போனால் அடங்கிவிடுகிறது. உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறது, நான் ஏதோ சொல்லக் காத்திருப்பதைப் போல. எர்த்தில் குறை இருக்கலாம். நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உண்மைதான். ஒரே வார்த்தை. அவர் கை கைப்பிடிக்குப் போவதைப் பார்த்தேன், நேரமும் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மேடம். கூச்சமாக இருந்தது.